இருளில் ஒளிரும் வீடு

இரணைமடுக் குளத்துக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து, உயர்தர வகுப்பிற் கற்கும் மாணவர் ஒருவர் எழுதிய கடிதம் சென்ற கிழமை நம் கைக்குக் கிட்டியது. கடிதம் நான்கு பக்கம். கேள்வி ஒன்றுதான். ஆனால் அந்த ஒரு கேள்வி ஒரு குடும்பத்தையே மூன்று கட்சியாகப் பிரித்துவிட்டது என்று தெரிகிறது.

பொங்கலுக்குக் கனடாவிலிருந்து வந்த மாமா இரண்டு கிலோ ஒளிரும் தூள் கொண்டுவந்தாராம். தெளிந்த வார்னிஷிற் கலந்து சுவரிற் பூசினால், பகலெல்லாம் வெயிலை உண்டு இரவெல்லாம் பச்சையொளி உமிழுமாம். புது வீட்டின் வெளிச்சுவர் முழுவதும் பூசிவிட்டால் மின்சாரம் நின்ற இரவிலும் முற்றம் வெளிச்சமாயிருக்கும், யானையும் அண்டாது என்பது மாமாவின் கட்சி. "அது ரேடியம், வீட்டிலே வைத்திருந்தாற் புற்றுநோய் வரும்" என்பது தகப்பனாரின் கட்சி. அம்மம்மாவோ காரணம் எதுவும் கூறாது "வேண்டாம்" என்ற ஒரே சொல்லில் நிற்கிறார். "யார் பக்கம் நியாயம் என்று விஞ்ஞான முறையில் விளக்குக" என்று மாணவர் முடித்திருக்கிறார்.

தகப்பனாரின் அச்சத்தை முதலிற் கவனிப்போம். அது வெறும் மூடநம்பிக்கையன்று. அதற்கு உயிர்ச் சாட்சியங்கள் உண்டு.

1898ஆம் ஆண்டில் கியூரி தம்பதிகள் ரேடியத்தைக் கண்டறிந்தனர். அதனை மிகச் சிறிதளவு எடுத்து நாக சல்பைட்டுத் தூளுடன் கலந்தால், ரேடியத்தினின்றும் ஓயாது பாயும் கதிர்கள் தூளை மோதி ஒளிரச் செய்யும். வெயில் வேண்டியதில்லை; விளக்கு வேண்டியதில்லை; பெட்டியிற் பூட்டி வைத்தாலும் ஒளிரும். முதலாம் உலகப் போர் மூண்டபோது, பதுங்குகுழியின் இருளிலே நேரம் பார்க்க வேண்டிய போர்வீரருக்கு இத்தகைய கைக்கடிகாரம் பெரும் உதவியாயிற்று. அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்து ஓரேஞ்ச் என்னும் ஊரில் அமைந்த தொழிற்சாலையிலே, இளம் பெண்கள் வரிசையாக அமர்ந்து கடிகார எண்களுக்கு இந்தத் தீந்தையைப் பூசினர். தீந்தைக்கு அந்தக் கம்பனி இட்ட பெயர் 'அன்டார்க்'. 'இருளற்றது' என்று நாம் பொருள் கொள்ளலாம். கடிகாரத்துக்கு மட்டுமன்றி, வீட்டு வாசலின் இலக்கத் தகட்டுக்கும் அது உகந்தது என்று விளம்பரம் செய்தார்கள். ஆகவே, வீட்டின் வெளிப்புறத்தை இரவில் ஒளிரச் செய்யும் ஆசை நம் மாமாவுக்கு முன்பே நூறாண்டுப் பழமையுடையது.

எண்கள் மிகச் சிறியவை. தூரிகையின் நுனி ஊசிபோற் கூராயிருக்க வேண்டும். ஆதலால், தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கு, தீந்தையில் தோய், பூசு என்று அப்பெண்களுக்குக் கற்பித்தார்கள். ஒவ்வொரு முறையும் சிறிது ரேடியம் வாய்க்குட் சென்றது. தீங்கில்லை என்று மேலாளர்கள் கூறியதை அவர்கள் நம்பினர். நம்பாதிருக்க அவர்களுக்கு என்ன காரணம்? அக்காலத்தில் ரேடியம் மருந்துக் கடைகளிலும் சத்துப் பானம் என்று விலைப்பட்டது. விளையாட்டாக நகத்திலும் பல்லிலும் பூசிக்கொண்டு, இரவிலே கண்ணாடி முன்னின்று சிரித்தவர்களும் உண்டு. வேலை முடிந்து வீடு செல்லும்போது அவர்களுடைய கூந்தலும் உடையும் இருளில் மினுமினுத்தன.

சில ஆண்டுகள் கழிந்தன. பல் ஆடியது, பிடுங்கிய இடம் ஆறவில்லை, தாடையெலும்பு உதிர்ந்தது. ரேடியம் கல்சியத்தின் இனத்தைச் சேர்ந்த மூலகம். உடம்பு அதனைக் கல்சியம் என்றே ஏமாந்து எலும்பிற் குடிவைத்துவிடுகிறது. எலும்பினுள் அமர்ந்தபடி அது கதிர் வீசிக்கொண்டேயிருக்கிறது. ஹரிசன் மார்ட்லண்ட் என்னும் வைத்தியர் 1925இல் இவ்வுண்மையை நிலைநாட்டினார். கிறேஸ் பிரையர் என்ற பெண் தம் வழக்கை ஏற்க ஒரு வழக்கறிஞரைத் தேடியே இரண்டாண்டுகள் அலைந்தார். 1927இல் வழக்குத் தாக்கலாயிற்று. அவரோடு சேர்ந்து வழக்காடியவர் நால்வர். 1928 ஜனவரியில் மன்றுக்கு வந்தபோது, சத்தியம் செய்யக் கையை உயர்த்தவும் இயலாத நிலையிற் சிலர் இருந்தனர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஆளுக்குப் பதினாயிரம் டொலரும், ஆண்டுதோறும் 600 டொலரும் என்று உடன்பாடு ஏற்பட்டது. அந்தத் தீந்தையை ஆக்கிய சபின் ஃபொன் சொக்கொக்கி என்பாரும் அதே 1928இல் அந்த ரேடியத்தாலேயே மாண்டார்.

ரேடியத்தின் ஆற்றல் பாதியாகக் குறைய ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் செல்லும். நாக சல்பைட்டோ சில பத்தாண்டுகளில் நைந்து ஒளி இழந்துவிடும். ஆகவே பாட்டனார் காலத்துப் பழைய கடிகாரம் ஒன்று வீட்டில் இருந்து, அதன் எண்கள் மஞ்சளாய்த் தடித்து இப்போது ஒளிராமற் போயிருந்தால், 'இனி ஒன்றுமில்லை' என்று எண்ணி அதன் கண்ணாடியைக் கழற்றிச் சுரண்ட வேண்டா. ஒளி செத்திருக்கும், ரேடியம் சாகாது. மூடிய கடிகாரத்தை மூடியபடியே விட்டுவிடுவது நன்று.

ஆனால் மாமா கொண்டுவந்த தூள் அதுவன்று. தகப்பனார் இந்த இடத்தில் மனம் ஆறலாம். ரேடியம் என்ற பொருள் நம் வாழ்விலிருந்து நீங்கிவிட்டது. பெயர் மாத்திரம் நாவிலே தங்கிவிட்டது. சைக்கிளின் பின்னால் ஒட்டும் சிவப்புத் துண்டையும், லொறியின் பின்பலகையில் ஒட்டும் மஞ்சட் பட்டியையும் நாம் 'ரேடியம்' என்றே இன்றும் சொல்கிறோம். அவற்றில் ரேடியமும் இல்லை, தம்மொளியும் இல்லை. வரும் வாகனத்தின் விளக்கொளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் கண்ணாடிப் பரல்கள்தாம் உண்டு. விளக்கு வந்தால் மின்னும். வராவிட்டாற் சுவரைப்போல் இருண்டே கிடக்கும். ஒரு சொல் மூன்று பொருளுக்கு நின்றால் இப்படித்தான் வீட்டிலே சண்டை வரும்.

மாமாவின் தூள் பழங்கதையின் வேறொரு கிளையைச் சேர்ந்தது. இத்தாலியின் பொலோஞா நகரிலே, 1603ஆம் ஆண்டளவில், வின்சென்ஸோ கஸ்கரியோலோ என்னும் செருப்புத் தைக்கும் தொழிலாளி, அயலிலிருந்த குன்றிற் கிடைத்த கனமான கல்லைப் பொன்னாக்கும் ஆசையாற் கரியோடு சேர்த்துச் சுட்டார். பொன் வரவில்லை, வெயிலிற் காட்டிய பின் இருளிற் செந்தணல்போல் ஒளிரும் கல் வந்தது. 1877இல் இங்கிலாந்தில் பால்மைன் என்பவர் கல்சியம் சல்பைட்டைக்கொண்டு ஒளிரும் தீந்தை செய்து காப்புரிமை பெற்றார். பின்னர் நாக சல்பைட்டு வந்தது. இவையெல்லாம் சிறிது நேரம் மினுக்கி ஓய்ந்துவிடும். 1993இல் ஜப்பானின் நெமோட்டோ என்ற நிறுவனத்தார், ஸ்ரொன்சியம் அலுமினேற்றில் யூரோப்பியம், டிஸ்புரோசியம் என்னும் இரு மூலகங்களைச் சிறிதளவு சேர்த்து ஒரு தூளை ஆக்கினர். அது முன்னையதிற் பத்து மடங்கு பிரகாசமும், பத்து மடங்கு நீடிப்பும் உடையதாயிருந்தது. கதிரியக்கம் அதில் இல்லை. இன்று கடைகளில் விற்கும் நல்ல ஒளிரும் தூள் பெரும்பாலும் இதுவே. (எந்தத் தூளாயினும் உலர்ந்த நிலையில் மூக்கிற்குட் போகாமற் காக்க வேண்டும், கலக்கும்போது மூக்கையும் வாயையும் துணியாற் கட்டிக்கொள்க.)

அது எப்படி ஒளிர்கிறது? இரணைமடுக் கரையில் வளரும் மாணவருக்கு இதனை விளக்குவது எளிது. மாரி பெய்யக் குளம் நிரம்புவதுபோல், வெயிலிலுள்ள நீலக் கதிரும் புறஊதாக் கதிரும் பட்டவுடன் தூளிலுள்ள இலத்திரன்கள் மேலெழும்பி, டிஸ்புரோசியம் வெட்டி வைத்த சிறு பள்ளங்களிற் சிக்கி நிற்கின்றன. காற்றிலும் சுவரிலுமுள்ள சாதாரண வெப்பமே துருசு. அது அவற்றை ஒன்றொன்றாக விடுவிக்க, கீழே இறங்கும் ஒவ்வொன்றும் துளிப் பச்சையொளியை உமிழ்கிறது. துருசைத் திறந்தவுடன் நீர் எப்படிப் பாயும்? நிறைகுளமாயின் முதலில் பேரிரைச்சலோடு பாயும், மட்டம் இறங்க இறங்க வேகம் தளரும், ஈற்றிற் கசியும். ஒளியும் அவ்வாறே. பொழுது பட்ட முதற் கால்மணி நேரம் கண்ணைக் கவரும். ஒரு மணி நேரம் கழிந்தால், நல்ல சரக்காயின், பூரணை நிலவிற் சுண்ணாம்பு பூசிய சுவர் எப்படித் தோன்றுமோ அவ்வளவு இருக்கும். நடுச்சாமத்தில் அதனினும் பன்மடங்கு குன்றி, இருளிற் பழகிய கண்ணுக்கு மாத்திரம் சாம்பற் பச்சையாய்த் தெரியும். விடியுமட்டும் ஒளிரும் என்று பொதியில் அச்சிட்டிருப்பது பொய்யன்று. ஆனால் அந்த ஒளியில் முற்றத்திலே விழுந்த ஊசியைத் தேடலாம் என்று நினைப்பதுதான் பிழை. அது காணப்படும் ஒளி; காட்டும் ஒளியன்று.

இந்த வேற்றுமையை ஓர் அரசாங்கமே பணம் செலவழித்துக் கற்றது. மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலே, செமினி என்னும் இடத்துக்கு அண்மையில், தெருவிளக்கில்லாத வீதியொன்றின் 245 மீற்றர் நீளத்துக்கு 2023 ஒக்டோபரில் ஒளிரும் கோடுகள் இட்டார்கள். படங்கள் உலகமெங்கும் பரவின. மக்கள் வியந்து பாராட்டினர். பிற இடங்களுக்கும் விரிவாக்கத் திட்டங்கள் எழுந்தன. 2024 நவம்பரில், செலவு மிகுதி என்றும் நிபுணர்களின் சோதனையிற் திருப்தி இல்லையென்றும் கூறி அரசு அதனைக் கைவிட்டது. சாதாரணத் தீந்தை ஒரு சதுர மீற்றருக்கு 40 ரிங்கிற். ஒளிரும் தீந்தை 749 ரிங்கிற். அதற்கு முன்பே, 2014இல், நெதர்லாந்தின் ஒஸ் நகரருகே அரைக் கிலோமீற்றர் வீதியில் இதே முயற்சி நடந்தது. சில நாட்களிலேயே ஈரத்தால் ஒளி குன்றிற்று என்று செய்தி வந்தது. ஸ்ரொன்சியம் அலுமினேற்றுக்குத் தண்ணீர் பகை. நீர் ஊறினால் அது சிதைந்து ஒளியிழந்துவிடும். வாடைக்காற்றோடு வரும் வன்னி மாரியை நாம் அறிவோம். சுவரின் கிழக்குப் பக்கம் கிழமைக்கணக்கில் உலராது. மாரிக்குத் தப்பினாலோ கோடையிற் செம்மண் புழுதி. புழுதி மூடிய சுவர் வெயிலைப் பருகாது.

கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். 2012 ஒக்டோபர் 2ஆம் திகதி வடக்கிலும் கிழக்கிலும் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தின் கீழ், ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபா அளித்து ஏறத்தாழ 550 சதுர அடி வீடுகள் கட்டுவிக்கப்பட்டன. வன்னியில் பலருக்கு வீடு என்றால் அதுவே கண்முன் நிற்கும். இருபதடி அகலம், இருபத்தேழரை அடி நீளம், பத்தடி உயரம் என்று கொண்டால், கதவு யன்னல் கழிக்காமல் வெளிச்சுவர் 950 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 88 சதுர மீற்றர். மலேசிய வீதிக் கணக்கில் இது 65 ஆயிரம் ரிங்கிற்றுக்கு மேல். வீதித் தீந்தையும் வீட்டுத் தீந்தையும் ஒன்றல்ல என்பது உண்மையே. எனினும் பெருமட்டாக ஓர் அச்சம் கொள்வதற்கு இது போதும். மாமாவின் இரண்டு கிலோ தூளோ, கண்ணிற் படும்படி தடிப்பாகப் பூசினாற் பத்துச் சதுர மீற்றரை எட்டுவதும் அரிது. ஒரு சுவரிற் பாதி முடியுமுன் பொதி வெறுமையாகும்.

யானையைப் பற்றி மாமா சொன்னதற்கு ஒரு பதில். யானை வீட்டைத் தேடி வருவது கண்ணாலன்று, மூக்காலே. அறையில் அடுக்கிய நெல் மூட்டையும், அடுக்களையிலுள்ள உப்பும், வேலியோரத்து வாழையும் வீசும் வாசனைக்கு இருட்டென்ன, பச்சையொளியென்ன? மங்கலொளியில் நம்மிலும் நன்றாக நடமாடும் விலங்கு அது. சுவர் ஒளிர்வதால் நெல்லின் வாசனை குறையப்போவதில்லை. வன்னியில் எத்தனையோ வீடுகளின் சுவர் இடிந்தது நெல்லுக்காகவே. பெருந்தொகையைச் சுவரிற் பூசுவதிலும், நெல்லை வீட்டுக்குள் வையாது ஊருக்குப் பொதுவான களஞ்சியத்திற் சேர்க்க வழிபார்ப்பது மேல்.

இனி அம்மம்மா.

மாணவர் அம்மம்மாவின் மறுப்பை இரண்டே வரியில் எழுதி, 'காரணமில்லாத பிடிவாதம்' என்று ஒரு குறிப்பும் சேர்த்திருக்கிறார். தம்பி, நீர் பிறந்த ஆண்டைக் கணக்கிட்டுப் பார்க்கிறோம்; போர் 2009 மே மாதத்தில் முடிந்தபோது நீர் கைக்குழந்தை, அல்லது இன்னும் பிறக்கவேயில்லை. அதற்கு முந்திய ஆண்டுகளில் வன்னிப் பெருநிலத்தின் பெரும்பகுதிக்குக் கம்பிவழி மின்சாரம் வந்ததில்லை. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் மருந்துபோல் அளந்து வார்க்கப்பட்டது. ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெய் விட்டுத் திரியிட்டு, அந்தக் கடுகளவு சுடரைச் சுற்றிப் பிள்ளைகள் நால்வர் குனிந்திருந்து படித்து, பரீட்சை எழுதித் தேறினார்கள். வானத்திலே இரைச்சல் கேட்டதும், வீட்டின் மூத்த பெண் செய்யும் முதல் வேலை அந்தச் சுடரை ஊதி அணைப்பது. பிள்ளையைத் தூக்குவது இரண்டாவது. வெளிச்சம் வெளியே தெரிந்தாற் கூரை தப்பாது என்பது அவர்கள் எழுதாமற் கற்ற பாடம்.

இது வன்னிக்கு மாத்திரம் உரியதன்று. 1939 செப்டெம்பரில் இங்கிலாந்து முழுவதும் இருட்டடிப்புச் சட்டம் வந்தது. யன்னலிற் கீற்றொளி தெரிந்தாலும் தண்டம். தெருவில் ஒருவரோடொருவர் மோதாதிருக்க அந்நாட்டு மக்கள் சட்டையில் ஒளிரும் பொத்தான் குத்திக்கொண்டு நடந்தார்கள். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும், 9ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய நாட்களில் நம் நாட்டவரும் விளக்கை மறைத்து வாழ்ந்தனர். ஆனால் அங்கெல்லாம் அது சில ஆண்டுகளில் முடிந்தது. உம் அம்மம்மாவுக்கு வாழ்நாளின் பெரும் பாகம் அப்படிக் கழிந்தது.

இப்போது அவர் முன் வைக்கப்பட்ட பேச்சு என்ன? இருளிலே தொலைவிலிருந்து தெரியும் வீடு; அணைக்க முடியாத வெளிச்சம். விளக்காயின் ஊதலாம், ஆளியைத் தட்டலாம். சுவரை எப்படி அணைப்பது? அவர் கிழவி, விஞ்ஞானம் அறியார் என்று எண்ணற்க. இந்தத் தூளில் ஆளியில்லை என்பதை உங்கள் மூவருள்ளும் முதலில் உணர்ந்தவர் அவரே. காரணத்தை அவர் சொல்லவில்லையெனில், சொல்ல விரும்பவில்லை என்று கொள்ளலாம். துருவிக் கேட்கவும் வேண்டா.

வெளிச்சத்தின்மேல் அவருக்கு வெறுப்பென்றும் கொள்ளற்க. கார்த்திகை விளக்கீட்டன்று வாசலிற் சுட்டி வரிசை வைப்பவர் பெரும்பாலும் அவராகவே இருப்பார். முல்லைத்தீவுப் பக்கத்தவராயின், வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரியும் வழக்கத்தைக் கதை கதையாய்ச் சொல்லக்கூடும். உப்புநீரில் எரியும் சுடரை வியந்தவருக்குப் பச்சைத் தூளா பெரிய புதுமை?

ஆகவே வெளிச்சுவருக்கு நம்முடைய தீர்ப்பும் 'வேண்டாம்' என்பதே. தைக்கு முன் அடிக்கும் வெள்ளைச் சுண்ணாம்பே நிலாக் காலத்தில் போதிய அழகு தரும், விலையும் மலிவு. ஆனால் மாமாவின் தூளைப் பரணில் எறிந்துவிட வேண்டியதில்லை. ஆசையோடு கடல் கடந்து சுமந்து வந்த மனிதரின் மனத்தையும் பார்க்க வேண்டுமல்லவா? அதற்குரிய இடம் வேறு.

நியூ யோர்க்கின் உலக வர்த்தக மையத்திலே 1993இல் குண்டு வெடித்தபோது, ஆயிரக்கணக்கானோர் இருண்ட புகைப்படிகளில் தடவித் தடவி இறங்கினர். அதன் பின் படியோரங்களிலும் கைபிடிகளிலும் ஒளிரும் பட்டைகள் இட்டார்கள். 2001 செப்டெம்பர் 11ஆம் திகதி கட்டடம் தாக்கப்பட்டபோது, அப்பட்டைகள் வழிகாட்டித் தப்பியதாகப் பலர் கூறினர். 2004இல் அந்நகரம், உயர்ந்த அலுவலகக் கட்டடங்களின் மாடிப்படிகளில் இத்தகைய அடையாளம் இருக்க வேண்டும் என்று சட்டமே இயற்றிற்று. நாலு விரற்கடை அகலப் பட்டைதான். சுவர் முழுவதும் அன்று.

வன்னி வளவிலே அப்படி நாலு விரற்கடை வேண்டிய இடங்கள் எவை? முதலாவது கிணறு. இரவில் விளையாடிக்கொண்டு ஓடும் சிறுபிள்ளைக்கும், கயிறறுத்த கன்றுக்கும் கட்டுத் தாழ்ந்த கிணறு யமன். கட்டின் மேல்விளிம்பைச் சுற்றி ஒரு வளையம் இடுக. அடுத்து, வீட்டு வாசற்படியின் விளிம்பு; முதியவர் இடறி இடுப்பெலும்பு முறிவது பெரும்பாலும் அங்கேதான். பின்வளவுக் கழிவறையின் தாழ்ப்பாள். மின்சாரம் நின்றால் ஆளியும் டோர்ச்சும் இருக்கும் இடம். டோர்ச்சைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு: படியை ஒளிர்த்தூள் காட்டும், படியிற் சுருண்டு கிடக்கும் புடையன் பாம்பைக் காட்டாது. இரவில் முற்றத்தில் இறங்க டோர்ச் கட்டாயம் வேண்டும். வீதியோரப் படலைக்கும், நெல்லேற்றி இரவில் வரும் உழவு இயந்திரப் பெட்டிக்கும் இத்தூள் உதவாது. அங்கே நாம் 'ரேடியம்' என்று பிழையாக அழைக்கும் அந்த ஒட்டுப்பட்டியே உரியது. ஏ-9 வீதியிற் பின்விளக்கின்றிச் செல்லும் பெட்டிகளைக் கண்டு நெஞ்சு திடுக்கிட்டவர்கள் இதை நினைவிற் கொள்வார்களாக.

பூசும் முறை வருமாறு. பங்குனி, சித்திரை வெயிலிற் சீமெந்து நன்கு உலர்ந்த பின் தொடங்குக. முதலில் வெள்ளைத் தீந்தை இருமுறை. கறுத்த அடியில் ஒளி உறிஞ்சப்பட்டுப் போகும். நீர் சேராத தெளிந்த வார்னிஷில் தூளைக் கலக்குக. தூள் கனமானது, அடியில் இறங்கிவிடும், தூரிகையை ஒவ்வொரு முறை தோய்க்கும்போதும் கிளறிக்கொண்டேயிருக்க வேண்டும். கட்டியாயிருக்கிறதென்று அம்மியில் இட்டு அரைத்துவிடாதீர்கள். பரல் உடைந்தால் ஒளி குன்றும். ஒரு பூச்சு உலர்ந்த பின் மற்றொன்று, இப்படி இரண்டு மூன்று. அதன்மேல் வெறும் வார்னிஷ் இருமுறை, மழைநீர் தீண்டாதபடி. கிணற்றின் உட்பக்கத்திற் பூச வேண்டா, குடிக்கும் நீர்.

மீதித் தூளை ஈரம் படாத போத்தலில் இறுக மூடி, சிறுவர் கைக்கெட்டாத இடத்தில் வைத்திருங்கள். இரண்டு மாரி சென்றபின் கிணற்று வளையத்துக்கு மறுபூச்சு தேவைப்படும்.